பத்தாங் பெர்ஜுந்தை மளிகைக் கடை: சாக்கில் செருகிய இரண்டு வரி அட்டை

பெஸ்தாரி ஜெயா என்று ஊர்ப்பலகை மாறி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. சுற்றியுள்ள தோட்டத்து ஆட்களுக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கே பழைய கடைத்தெருவில், ஐந்தடி நடைபாதையில் சாக்குகளின் வாயை மடித்துவிட்டு வரிசையாக அடுக்கியிருக்கும் ஒரு மளிகைக் கடையைப் பற்றிய மதிப்பீடு இது. அரிசியும் மிளகாயும் நெத்திலியும் எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கடையின் தனிச்சிறப்பு சாக்குகளில் செருகியிருக்கும் அட்டைகள். பிஸ்கட் பெட்டியைக் கிழித்து மார்க்கர் பேனாவால் எழுதியவை. ஒவ்வொன்றிலும் இரண்டே வரி. மேலே ‘விளைந்தது’, கீழே ‘உடைத்தது’, ‘அரைத்தது’ அல்லது ‘அடைத்தது’.

துவரம் பருப்பு: விளைந்தது மொசாம்பிக், உடைத்தது மும்பை. முந்திரி: விளைந்தது ஐவரி கோஸ்ட், உடைத்தது வியட்நாம். கொக்கோ தூள்: விளைந்தது கானா, அரைத்தது ஜொகூர். அரைமணி நேரம் நின்று வாசித்தால் ஒன்று புரியும். மேல் வரியில் ஆப்பிரிக்க நாடுகளின் பெயர் அடிக்கடி வருகிறது, கீழ் வரியில் வருவதே இல்லை. ஒரே ஒரு பெட்டி மட்டும் விதிவிலக்கு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் துவரை. இந்தக் கடையில் இரண்டு சாக்கு உண்டு, ஒன்று மியன்மார், இன்னொன்று மொசாம்பிக். மொசாம்பிக் பருப்பு கொஞ்சம் சிறியது, விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருக்காது, கிலோவுக்கு விலையும் குறைவு. சாம்பாருக்குத் தாராளமாக வாங்கலாம். ரசத்துக்குத் தெளிவான பருப்புத் தண்ணீர் வேண்டும் என்பவர்கள் மியன்மாரையே எடுப்பது நல்லது, ஏனென்றால் மொசாம்பிக் பருப்பு சீக்கிரம் கரைந்து குழம்பாகிவிடும். 200 கிராம் பருப்புக்கு அளவில் மூன்று பங்கு தண்ணீர், அரைமணி ஊறல். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து எட்டு நிமிடம் போதும்.

வேகவில்லை என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு தப்பு செய்திருப்பார்கள். புளியையோ தக்காளியையோ முன்னாலேயே போட்டிருப்பார்கள். புளிப்பு பட்டால் பருப்பு இறுகிக்கொள்ளும். இல்லையென்றால் பழைய சரக்கு மாட்டியிருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவில் துவரை அறுப்பு ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை. அது உடைபட்டு இங்கே வருவதற்குள் வருடக் கடைசி ஆகிவிடும். அடுத்த ஜூன், ஜூலையில் சாக்கில் கிடப்பது நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு. எவ்வளவு வேகவைத்தாலும் நடுவில் ஒரு கடினம் நிற்கும். அந்த மாதங்களில் மியன்மார் சரக்குதான் புதுசு, அதை வாங்குங்கள். அட்டையில் அறுப்பு மாதத்தையும் எழுதினால் இந்தத் தொல்லையே இருக்காது. இந்தக் கடைமேல் வைக்கும் முதல் குறை இது.

மொசாம்பிக்கில் சாம்பார் கிடையாது. வடக்கே நாம்புலா, ஸாம்பேஸியா பக்கம் சோளத்துக்கு ஊடுபயிராகத் துவரை போடும் சிறுவிவசாயி தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான், மீதி இந்தியாவுக்கு. 2016ல் இந்தியாவில் துவரை விலை எகிறியபோது அந்த நாட்டோடு கொள்முதல் ஒப்பந்தம் போட்டார்கள். அதைப் பார்த்து இன்னும் பல பேர் விதைத்தார்கள். அடுத்த வருடமே இந்தியாவில் விளைச்சல் கொட்டியது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வைத்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் களத்துமேட்டில் விலை படுத்துவிட்டது. வாங்குபவன் ஒருவனே என்றால் அவன் கதவைச் சாத்தும் நாளில் விற்பவனுக்குப் போக்கிடம் இல்லை. மலாவிக்கு இன்னும் கஷ்டம். கடலே இல்லாத நாடு அது; மூட்டை மொசாம்பிக்கின் நக்காலா மாதிரி ஒரு துறைமுகத்துக்குப் போனால்தான் கப்பலைப் பார்க்கும்.

அங்கேயே உடைத்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். 100 கிலோ துவரையை உடைத்தால் கிடைப்பது ஏறக்குறைய 70 கிலோ பருப்பு. மீதி பொட்டும் குருணையும். பொட்டு மாட்டுத் தீவனத்துக்குப் போகும், அதற்கும் காசு உண்டு. அந்தக் காசு பருப்பு எங்கே உடைபடுகிறதோ அங்கேதான் விழும். இந்திய ஆலைக்காரன் முழுத் துவரையைத்தான் கேட்கிறான். அவன் எந்திரத்துக்கும் தீனி வேண்டும்.

அடுத்தது முந்திரி. கடையில் ‘டபிள்யூ 240’, ‘டபிள்யூ 320’ என்று இரண்டு தரம். அந்த எண் ஒரு பவுண்டுக்கு எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்பதற்கான உச்சக்கணக்கு. 240 என்றால் 220 முதல் 240 பருப்பு, 320 என்றால் 300 முதல் 320. எண் ஏற ஏறப் பருப்பு சிறுக்கும். கடைத் தராசிலேயே சோதித்துக்கொள்ளலாம்: 50 முழுப்பருப்பை எண்ணிப் போட்டால் 240 தரம் 95 கிராமுக்குக் குறையக் கூடாது, 320 தரம் 71 கிராமுக்குக் குறையக் கூடாது. இந்தக் கடையின் 320 சரியாக நிற்கிறது. 240 என்று எழுதியிருக்கும் சாக்கில் 50 பருப்பு 88 கிராம்தான் காட்டியது. இரண்டு தரமும் கலந்துவிட்டது போலிருக்கிறது. அந்த விலைக்கு அது தகாது. பாயசத்துக்கும் கேசரிக்கும் இரண்டுமே வீண் செலவு, பிளந்த பருப்பு போதும்.

திறந்த சாக்கில் முந்திரி வைப்பதே தவறு. பருப்பில் ஈரம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் நமுத்துப்போகும், அப்புறம் காறல் வாடை வரும். மழைக்காலத்தில் இங்கே சாக்கு முந்திரியை வாங்காமல் காற்று உறிஞ்சி அடைத்த பாக்கெட்டைக் கேளுங்கள், உள்ளே வைத்திருக்கிறார்கள்.

ஐவரி கோஸ்ட் இன்று உலகத்திலேயே அதிகமாகக் கொட்டை முந்திரி (ஓடு உடைக்காதது) விளைவிக்கும் நாடு, ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன். அந்த வியாபாரத்தில் தரம் பேசுவது 80 கிலோ மூட்டைக் கணக்கில். ஒரு மூட்டைக் கொட்டையை உடைத்தால் எத்தனை பவுண்டு நல்ல பருப்பு தேறும் என்பதுதான் பேரம். 48 பவுண்டு தேறினால் நல்ல சரக்கு, அதாவது ஏறக்குறைய 22 கிலோ. அப்படியென்றால் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வியட்நாமுக்கும் இந்தியாவுக்கும் போகும் கப்பலில் முக்கால்வாசி எடை ஓடும் தோலும். ஓட்டுக்குக் கூலி கட்டிக் கடல் கடத்துகிறார்கள்.

பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் கணக்கு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் அறுவடை பிப்ரவரியில் தொடங்கி மூன்று நான்கு மாதத்தில் முடிந்துவிடும். அங்கே ஆலை வைத்திருப்பவன் வருடம் முழுக்க உடைக்க வேண்டிய கொட்டையை அந்தச் சில மாதத்திலேயே ரொக்கம் கொடுத்து வாங்கிக் குவிக்க வேண்டும். உள்ளூர் வங்கி வட்டி அதிகம். குவித்த சரக்குக்கு நல்ல கிடங்கு வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை. உடைக்கும்போது ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் கைத்தோலை வெந்துபோகச் செய்யும், அதனால் பழகிய ஆள் வேண்டும் அல்லது எந்திரம் வேண்டும். மின்சாரம் நின்றால் ஆவியில் வேகவைத்த கொட்டை பாதியில் நின்று பருப்பு கறுக்கும். முழுப்பருப்பு உடைந்து துண்டாகிவிட்டால் விலை சரிந்துவிடும். வியட்நாம்காரன் இந்த ஒவ்வொன்றையும் எந்திரத்தாலும் மலிவுக் கடனாலும் சரிக்கட்டிவிட்டான். ஐவரி கோஸ்டும் சும்மா இல்லை. 2010களின் தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூட உள்நாட்டில் உடைக்காத நாடு, இப்போது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் உடைக்கிறது.

மொசாம்பிக் கதை இதற்குத் தலைகீழ். முந்திரியில் உலகத்துக்கே முதலாவதாக இருந்த நாடு அது. சொந்தமாக ஆலைகளும் இருந்தன. உள்நாட்டுப் போர் பாதியைக் கெடுத்தது. 1990களில் கடன் கொடுத்த உலக வங்கி, கொட்டை முந்திரி ஏற்றுமதி வரியைக் குறைக்கச் சொன்னது. வரி குறைந்தால் கொட்டைக்கு நல்ல விலை வந்து விவசாயி பிழைப்பான் என்பது வாதம். விவசாயிக்குக் கிடைத்தது சொற்பம். கொட்டை இந்தியாவுக்குப் போனது, ஆலைகள் வரிசையாக மூடின, ஆயிரக்கணக்கான பேர் வேலையிழந்தார்கள், அதில் பெண்கள் நிறைய. 1990களின் முடிவில் அந்த நாட்டு நாடாளுமன்றம் வரியைத் திரும்ப ஏற்றியது. பூட்டிய ஆலையைத் திறக்க வரி மட்டும் போதவில்லை.

இங்கே நம் ஊர்க் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. கடைக்கு வெளியே நின்று எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. அதன் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848ல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்கள் பிறகு மலாயாவுக்கு வந்தன. 1917ல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்ட தென்னமரம் எஸ்டேட் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். பூவுக்குப் பூ மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து ஊதிவிடும் வேலையைத் தோட்டத்துப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். 1981ல் கேமரூனிலிருந்து மகரந்தம் சுமக்கும் ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலையே இல்லாமல் போயிற்று. விதையும் அங்கிருந்து, வண்டும் அங்கிருந்து. சுத்திகரிப்பு ஆலை மட்டும் நம்முடையது.

அது எப்படி நம்முடையதாயிற்று என்பதில்தான் முந்திரிக் கணக்கின் விடை இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் செம்பனை எண்ணெய் ஏற்றுமதியில் முன்னணியில் நின்றது நைஜீரியா. அந்தப் பத்தாண்டுக்குள் மலேசியா முந்திவிட்டது. 1970களின் நடுவில் மலேசியா கச்சா எண்ணெய்க்கு ஏற்றுமதி வரி வைத்து, எவ்வளவுக்கு எவ்வளவு பதப்படுத்துகிறாயோ அவ்வளவுக்கு அவ்வளவு வரிச் சலுகை என்றது. கச்சாவாக அனுப்புவதைவிடச் சுத்திகரித்து அனுப்புவதில் லாபம் வந்தது, போர்ட் கிள்ளானிலும் பாசிர் கூடாங்கிலும் ஆலைகள் எழுந்தன. மொசாம்பிக்கைக் குறைக்கச் சொன்ன அதே மாதிரி வரிதான். நமக்கு மின்சாரம், துறைமுகம், சாலை, கடன் எல்லாம் கூடவே இருந்தன. அவர்களுக்குப் போர் முடிந்த கையோடு வரியையும் எடுக்கச் சொன்னார்கள்.

ஆலை வந்தால் தொழிலாளிக்கு விடிந்துவிடும் என்று இந்தக் கடைத்தெருவில் நின்று சொன்னால் சிரிப்பார்கள். எண்ணெய் சுத்திகரித்த காசு துறைமுகப் பட்டணங்களுக்குப் போனது, லயத்துக்கு வந்தது கொஞ்சம்தான். தோட்டம் விற்கப்பட்டபோது வீட்டை இழந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் ஆலை வேண்டும் என்பவர்கள், ஆலைக்குக் கொட்டை கொடுப்பவனுக்கு என்ன விலை என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்குக் கொக்கோவைப் பார்த்தால் போதும். கடையில் கிடைப்பது இரண்டு வகைத் தூள். ஒன்று இளம் பழுப்பு, புளிப்பு வாடை உள்ள இயற்கைத் தூள். இன்னொன்று காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்திய கரும்பழுப்பு. கேக்குக்குச் சமையல் சோடா மட்டும் போடுகிறவர்கள் இளம் பழுப்பை எடுக்க வேண்டும், அதன் புளிப்போடு சேர்ந்தால்தான் சோடா பொங்கும். கரும்பழுப்பில் சோடா மட்டும் போட்டால் கேக் சரியாக எழும்பாது, சவக்கார வாடையும் வரும். அதற்குப் பேக்கிங் பவுடர். எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு கரண்டித் தூளை வெந்நீரில் கரைத்து அரைத் தேக்கரண்டி சோடாவைப் போட்டுப் பாருங்கள், நுரைத்தால் இயற்கைத் தூள். கடைக்காரர் கொக்கோ தூளை அள்ளும் கரண்டி மல்லித்தூளுக்கும் போகிறது. கொக்கோ எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும், அதனால் இங்கே உதிரியாக வாங்காதீர்கள், அரைக்கிலோ அடைத்த பாக்கெட்டாக வாங்குங்கள்.

கொக்கோவின் ருசி பாதி மரத்தடியிலேயே முடிவாகிவிடும். கானாவில் காயை உடைத்து, கொட்டையைச் சதையோடு குவித்து, வாழை இலையால் மூடி ஐந்து ஆறு நாள் புளிக்க வைப்பார்கள். நடுவில் புரட்டிவிட வேண்டும், பிறகு ஒரு வாரத்துக்கு மேல் வெயிலில் காய வேண்டும். இதில் அவசரப்பட்டால் புளிப்பு தங்கிவிடும். 1980களில் நம் மலேசியக் கொக்கோவுக்கு உலகச் சந்தையில் விலை குறைந்ததற்கு அந்தப் புளிப்பு ஒரு காரணம். 1990ல் நாம் சுமார் 2 லட்சத்து 47 ஆயிரம் டன் விளைவித்தோம். விலை சரிந்தது, காய்த்துளைப்பான் பூச்சி வந்தது, ஆள் கிடைக்கவில்லை. மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள். இப்போது விளைச்சல் ஆயிரம் டன்கூட இல்லை. ஆனாலும் மலேசியா கொக்கோ அரைக்கும் பெரிய நாடுகளில் ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டையையும் வாங்கி அரைத்துக்கொண்டு. மரம் போனாலும் ஆலை நின்றது. கானாவுக்கு மரம் நிற்கிறது.

2024ல் நியூயார்க் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. மழை தப்பியது, தண்டுவீக்க நோய், கிழட்டு மரங்கள் என்று காரணம் பல. கானா விவசாயிக்கு அந்த விலை வரவில்லை. அங்கே அரசின் கொக்கோ வாரியம் அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை விற்றுவந்தது, விவசாயிக்கு விலையைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவந்தது. சந்தை விழும்போது அது பாதுகாப்பு. சந்தை எகிறும்போது, ஏறிய விலையைப் பார்த்துக்கொண்டே பழைய விலைக்குக் கொடுக்க வேண்டும். எல்லை தாண்டிக் கடத்தல் நடந்ததில் ஆச்சரியம் இல்லை. ஐவரி கோஸ்ட் இப்போது நெதர்லாந்தோடு போட்டி போடும் அளவுக்குக் கொக்கோ அரைக்கிறது, ஆனால் ஆலைகளில் பெரும்பகுதி வெளிநாட்டுக் கம்பெனிகளுடையவை. சாக்லேட் கட்டி வரை போவது இன்னும் கடினம். சர்க்கரையும் பால்மாவும் வேண்டும், கடைவரை குளிர்ப்பெட்டி வேண்டும், வாங்கித் தின்னப் பக்கத்திலேயே கூட்டம் வேண்டும். அந்தப் பக்கத்துச் சந்தைக்காகத்தான் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதுக்குமான சுதந்திர வர்த்தக உடன்பாடு போட்டார்கள். 2021 ஜனவரியில் அதன்படி வியாபாரம் தொடங்கியது, தலைமைச் செயலகம் கானாவின் அக்ராவில். காகிதத்தில் வரி குறைந்தாலும் லாரி எல்லையில் நிற்கும் நேரம் குறைய வேண்டும், அங்கேதான் இழுக்கிறது.

தேயிலைத் தூள் கென்யா என்று அட்டை சொல்கிறது. மொம்பாசா ஏலத்தில் மொத்தமாகப் போகும் சரக்கு. தே தாரிக்குக்கு அருமையான சிவப்பு இறங்கும். கொதிக்கக் கொதிக்கப் போட்டு வைத்தால் கசந்துவிடும், துணி வடிகட்டியில் ஊற்றிய நாலு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். கீழ் வரியில் ‘அடைத்தது: மலேசியா’ என்றிருக்கிறது; வேறு எந்தத் தூளோடு கலந்தது என்று எழுதவில்லை. கிராம்பு மடகாஸ்கர். தண்ணீரில் போட்டால் அமிழ வேண்டும் அல்லது மொட்டு மேலே நிற்க நெட்டுக்குத்தலாக மிதக்க வேண்டும். படுத்து மிதந்தால் எண்ணெய் எடுத்த சக்கை. இங்கே பத்தில் ஒன்பது அமிழ்ந்தது.

இனி அந்த ஒரு பெட்டி. கல்லாவுக்குப் பின்னால் மேல்தட்டில், 250 கிராம் முந்திரிப் பாக்கெட்டுகள். அட்டையில் விளைந்தது மொசாம்பிக், உடைத்தது மொசாம்பிக். 50 பருப்பை நிறுத்ததில் 73 கிராம், 320 தரத்துக்குக் குறையில்லை. பாக்கெட்டுக்கு இருபது முப்பது பருப்பில் லேசான பொன்னிறக் கருகல், வியட்நாம் சரக்கில் அது இருக்காது. தோல் முழுசாக உரியாத துண்டு ஒன்றிரண்டு கிடைக்கும், வறுப்பதற்கு முன் நகத்தால் சுரண்டிவிடலாம். இனிப்பு கொஞ்சம் தூக்கல். விலை வியட்நாம் முந்திரியைவிடக் கூட. எப்போதும் இருப்பதில்லை, வந்தால் ஒரு பெட்டிதான் வரும், தீபாவளிக்கு முன்னால் கேட்டால் கிடைக்காது. கடைக்காரரிடம் சொன்னால் கல்லா நோட்டில் பேர் எழுதிக்கொள்வார். பாக்கெட்டைப் பிரித்ததும் ஈரமில்லாத டப்பாவில் மாற்றி இறுக்கி மூடுங்கள், மூன்று வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.